முத்துக்குளித்துறை அண்டிரிக் அடிகளார்

புதுக்கோட்டையிலிருந்து கிழக்கு நோக்கிச் சென்றால் தூத்துக்குடித் துறைமுகத்தை அடைவோம்; தென்கிழக்கே சென்றால் தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலை அடைவோம். இவ்விரண்டு ஊர்களையும் அறியாதார் நம் சமூகத்தில் ஒருவரும் இரார். ஆயின் புன்னைக்காயலில் உயிர் நீத்துத் தூத்துக்குடியில் அடக்கம் பெற்ற ஒரு பெரியாரைப் பற்றி நம் பிள்ளைகளிடம் கேட்டால், அவர் தமிழில் முதன்முதல் நூல் அச்சிட்டவர் என்ற ஒரு விடை மட்டுமே கிடைக்கும். அவ்விடை மெய்யே. எனினும் அச்சு அவருடைய வாழ்வின் ஒரு கிளையேயன்றி வேர் அன்று. தாம் ஏற்ற விசுவாசத்தை நாள்தோறும் கையாலும் வாயாலும் காலாலும் செய்து காட்டியதே அவ்வாழ்வின் வேராம். அதனை நம் குடும்பங்கள் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டுமென்னும் கருத்தால், அண்டிரிக் அடிகளாரின் சரித்திரத்தைச் சுருக்கமாக ஈண்டு எழுதலுறுகின்றோம்.

அடிகளார் 1520ஆம் ஆண்டு போர்த்துக்கல் நாட்டின் வில்லா விசோசா என்னும் ஊரில் பிறந்தார். அவர் முன்னோர் யூத குலத்தினர். பின்னர்க் கிறிஸ்தவ மறையைத் தழுவியவர்கள். அக்காலத்தில் அந்நாட்டில் இத்தகைய குடும்பத்தாரைப் புதுக் கிறிஸ்தவர் என்று தனியே குறித்துப் பேசுவர். தலைமுறைகள் கழிந்தாலும் அப்பெயர் கழியாது. பதவி, மடம், சபை என எங்குச் சென்றாலும் இவன் யார் வயிற்றில் பிறந்தவன் என்னும் கேள்வி முன்னே வந்து நிற்கும். இளைஞராகிய அண்டிரிக், பிரான்சிஸ்கு சபையில் சேர்ந்தார். அவர் பிறப்பு தெரிய வந்ததும் அச்சபையை விட்டு நீங்க வேண்டியவரானார். குற்றம் யாதொன்றும் அவர் செய்ததில்லை. பிறப்பு ஒன்றே குற்றமாயிற்று. பின்னர் 1545இல் கொயிம்பிரா நகரில் சேசு சபை அவரை ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டே கப்பலேறிக் கோவா வந்து சேர்ந்தார். 1547இல் நம் கரைக்கு வந்தார். அப்பொழுது அவருக்கு வயது 27.

அவர் வந்தபோது நம் முன்னோரின் நிலை எவ்வாறு இருந்தது என்பதைச் சிறிது கூறுதல் வேண்டும். 1530ஆம் ஆண்டுகளில் முத்துத்துறையின் உரிமை பற்றி எழுந்த கலகத்தில் பரதவர் மிகவும் நலிவுற்றனர். அப்பொழுது, கள்ளிக்கோட்டையிலிருந்து வந்து மறை தழுவியிருந்த குதிரை வணிகர் சுவாம் தெ குருசு என்பாரின் ஆலோசனையின்படி நம் பட்டங்கட்டிகள் கொச்சிக்குச் சென்று போர்த்துக்கீசரின் உதவியை நாடினர், ஞானஸ்நானமும் பெற்றனர். 1536, 1537ஆம் ஆண்டுகளில் கரை முழுவதும் 20,000 பேர் வரை மறை தழுவினர் என்பர். பாதுகாப்பு கிடைத்தது, பெயர்களும் மாறின. ஆயின் போதிப்பார் இல்லை; போதிக்க வந்த ஒரு சிலர்க்கும் தமிழ் தெரியாது. ஆகவே பெயரளவில் கிறிஸ்தவராயும், அப்பெயரின் பொருள் இன்னதென்று அறியாதவராயும் நம் முன்னோர் சில ஆண்டுகள் இருந்தனர்.

1542இல் அர்ச். சவேரியார் இக்கரைக்கு வந்தார். தமிழறிந்தார் சிலரின் உதவியால் செபங்களைத் தமிழில் பெயர்த்து, மணியடித்துச் சிறுவரைக் கூட்டி, அவற்றை ஓதுவித்தார். அவர் உள்ளத்தின் அனல் பெரிது. அவர்தம் தமிழறிவோ சிறிது. விசுவாச மந்திரத்தில் விசுவசிக்கிறேன் என்று வரவேண்டிய இடத்தில் எனக்கு வேண்டும் என்னும் சொல் நுழைந்திருந்தது. பிழையை அறிந்த சவேரியார், 1544ஆம் ஆண்டளவில் தம் துணைவராகிய மான்சில்லாசுக்குக் கடிதம் எழுதி அதனைத் திருத்தச் செய்தார்.

இச்சிறு செய்தியை நம் அன்பர்கள் வேடிக்கையாகக் கொள்ளாது சற்று ஆழ்ந்து நோக்குவார்களாக. அந்நாளில் கடவுளை நோக்கி எனக்கு வேண்டும் என்று சொன்ன மக்கள், ஒரு வகையில் தம் மெய்ந்நிலையையே சொன்னார்கள். அவர்களுக்குக் காவல் வேண்டியிருந்தது, கடல் வேண்டியிருந்தது, முத்துத்துறையில் உரிமை வேண்டியிருந்தது. அவ்வேண்டுதலிலே தவறு யாதுமில்லை. ஆயினும் வேண்டும் என்பதிலிருந்து விசுவசிக்கிறேன் என்பதற்குச் செல்லும் வழி நெடிது. புத்தகத்தில் ஒரு சொல்லை மாற்றுதல் ஒரு நாள் வேலை. அச்சொல்லை ஒரு சமூகத்தின் வாழ்க்கையில் மாற்றுதல் ஓர் ஆயுட்கால வேலை. அவ்வேலையே அண்டிரிக் அடிகளார் தலைமேல் வீழ்ந்தது.

முதற்கண் அவர் மேற்கொண்டது தமிழ் கற்றலாகும். வந்த புதிதில் மொழிபெயர்ப்பார் ஒருவரை வைத்துக்கொண்டே பேசினார். தாம் சொல்வது ஒன்றும் மக்கள் காதில் விழுவது மற்றொன்றுமாக இருப்பதைக் கண்டார். இரவும் பகலும் முயன்று, இலத்தீன் இலக்கணத்தை அளவுகோலாகக் கொண்டு, தமிழ்ப் பெயர்களின் வேற்றுமைகளையும் வினைகளின் காலங்களையும் தாமே வகுத்து எழுதிக்கொண்டார். சில மாதங்களுக்குள் துணையின்றிப் பேசவும் போதிக்கவும் வல்லவரானார். அவ்வாறு எழுதிய குறிப்புகள் ஓர் இலக்கண நூலாயின. ஐரோப்பியர் ஒருவர் தமிழுக்கு எழுதியவற்றுள் நமக்குக் கிடைக்கும் முதல் இலக்கணம் அதுவே. அதன் கைப்பிரதி லிஸ்பன் நகரத்து நூலகத்தில் உள்ளது. 2013இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு வெளிவந்தது. பண்டிதர் தமிழைக் காட்டிலும் கரையோரத்து மக்கள் நாவில் வழங்கிய தமிழே அதில் மிகுதியும் காணப்படுவதால், நம் முப்பாட்டன்மார் எவ்வாறு பேசினர் என்பதற்கு அஃது ஒரு சாட்சியாகவும் விளங்குகின்றது.

தாம் கற்றதோடு அவர் அமையவில்லை. இக்கரையில் பணி செய்யும் குருமார் தமக்குள்ளும் தமிழிலேயே பேசுதல் வேண்டுமென்றும், தவறிப் போர்த்துக்கீசு பேசியவர் அதற்குத் தவம் செய்தல் வேண்டுமென்றும் ஓர் ஒழுங்கு செய்தார். பிறரிடம் அன்பு செலுத்துகின்றேன் என்று சொல்பவன் முதலில் அவர் பேசுவதைக் கேட்டறிய வேண்டுமன்றோ? பாவசங்கீர்த்தனத்தில் ஓர் ஏழைப் பெண் தன் மனக்குறையைச் சொல்லும்போது நடுவே மொழிபெயர்ப்பான் ஒருவன் நின்றால் அவள் எவ்வாறு வாய் திறப்பாள்? அடிகளார் தமிழ் கற்றதன் பயனை அறிஞர்கள் பின்னாளில் அறிந்தனர். அக்கரைப் பெண்கள் அன்றே அறிந்தனர்.

ஊர்தோறும் கணக்கப்பிள்ளை ஒருவரை நியமிக்கும் வழக்கத்தைச் சவேரியார் தொடங்கியிருந்தார். சிறுவர்க்குச் செபம் கற்பித்தலும், உயிருக்கு இடரான நிலையிலுள்ள குழந்தைக்கு ஞானஸ்நானம் அளித்தலும், ஊரில் நிகழும் பிணக்குகளையும் குறைகளையும் குருவுக்கு அறிவித்தலும் அவர்கள் வேலையாம். சனிக்கிழமை பெண்களும் ஞாயிற்றுக்கிழமை ஆண்களும் கோயிலில் கூடுதல் வழக்கமாயிற்று. அடிகளார் இக்கணக்கப்பிள்ளைமாரை நன்கு பயிற்றி, அவர்கள் வாயிலாகவே கரை முழுதும் வேலை நடத்தினார். குருமார் மிகச் சிலரே, ஊர்களோ பல. உள்ளூராரிடம் பொறுப்பை ஒப்படைத்தாலன்றி எந்த நற்காரியமும் நிலைக்காது என்பதை அவர் உணர்ந்திருந்தார். கொல்லத்தைச் சேர்ந்த பேதுரு லூயிசு என்னும் பிராமண இளைஞர் 1561இல் சேசு சபையில் சேர்ந்து, இந்நாட்டில் பிறந்து அச்சபையில் சேர்ந்தவர்களுள் முதல்வரானார். அவரும் அடிகளாரோடு இக்கரையில் பணியாற்றியவரே.

இனி, புன்னைக்காயலில் அவர் அமைத்த மருத்துவச்சாலையைப் பற்றிக் கூறுவோம். 1550ஆம் ஆண்டளவில் ஏழை நோயாளிகளுக்காக அஃது ஏற்பட்டது. முத்துக்குளிப்பவன் வாழ்வு எத்தகையது என்பதை நாம் பிறர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. கல்லைக் காலில் கட்டிக் கடலடியில் மூழ்கி, மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கி மேலே வரும் மனிதன், ஒரு நாள் காதிலும் மூக்கிலும் குருதி வடிய வருவான். ஒரு நாள் வாராமலே போவான். அவன் கொணர்ந்த முத்து அரசர் முடியில் ஏறும். அவன் நோயுற்றால் பாயில் கிடப்பான். அத்தகையோர்க்கு ஒரு கூரையும் மருந்தும் பார்ப்பார் ஒருவரும் இருக்க வேண்டுமென அடிகளார் கருதினார். அதனை நடத்தும் செலவுக்கு நம் முன்னோரே பொருள் கொடுத்தனர் என்பது நாம் மறவாது போற்றத்தக்க செய்தியாகும். பிறர் தந்த காவலை வேண்டி மறையில் சேர்ந்த சமூகம், பதினைந்து ஆண்டுகளுக்குள் தன்னினும் மெலிந்தவர்க்குக் காவலாக நிற்கத் தொடங்கியது. எனக்கு வேண்டும் என்ற சொல் விசுவசிக்கிறேன் என்று மாறியதற்கு இதனினும் தெளிவான அடையாளம் வேறு வேண்டுமோ?

இவையெல்லாம் அமைதியான காலத்தில் நடந்தன என்று எவரும் எண்ண வேண்டா. 1549இல் கரைக்குத் தலைவராயிருந்த அந்தோனி கிரிமினாலி அடிகள், வேதாளையில் மக்களைக் காக்க முயன்று படையினரின் ஈட்டிக்கு இரையானார். அவருக்குப்பின் உடனிருந்த குருமார் அண்டிரிக் அடிகளாரையே தலைவராகத் தெரிந்துகொண்டனர். பிறப்பைக் காரணமாகக் காட்டி ஒரு மடம் விலக்கிய மனிதரை, மரணம் வாயிலில் நின்ற வேளையில் உடனுழைத்தார் தேடி முன்னிறுத்தினர். 1553இல் புன்னைக்காயல் கடல்வழியாகவும் நிலவழியாகவும் தாக்கப்பட்டு மிகவும் அழிவுற்றது. வரியும் போரும் பொறாமல் 1560இல் மக்களில் பலர் மன்னார்த் தீவுக்குக் குடிபெயர்க்கப்பட்டனர். அடிகளாரும் அங்குச் சென்று அவர்களோடிருந்தார். காவலாக வந்த போர்த்துக்கீசக் கப்பித்தான்மாரிலும் சிலர் மக்களை வருத்தினர். அதனைச் சவேரியாரே தம் கடிதங்களில் கண்டித்திருக்கின்றார். இவ்வாறு வெளியாரும் உள்ளாரும் ஒருசேர நெருக்கிய காலத்தில், மாறாமல் உடனிருந்தவர் என்னும் ஒரு காரணத்தாலேயே மக்கள் அடிகளாரை நம்பினர்.

ஐம்பதைக் கடந்த வயதில் அவர் தொடங்கிய வேலையே இன்று உலகம் அறிந்த வேலை. தாம் இறந்தபின்னும் கணக்கப்பிள்ளை கையில் ஏதேனும் இருத்தல் வேண்டுமன்றோ? ஓலையில் எழுதினால் எழுதுவோர்தோறும் பிழை பெருகும். ஆகவே தமிழ் எழுத்துகளை உலோகத்தில் வார்க்கும் முயற்சி கோவாவிலும் கொல்லத்திலும் நடந்தது. 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்னும் 16 பக்கச் சிறு நூல் அச்சாகி முடிந்தது. இந்திய மொழியொன்றில், அம்மொழியின் எழுத்திலேயே அச்சாகி இன்று நமக்குக் கிடைக்கும் நூல்களுள் மூத்தது இதுவே. இதன் பிரதி ஒன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் காக்கப்படுகின்றது. மறு ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் கொச்சியில் கிரீசித்தியானி வணக்கம் வெளிவந்தது. 1580இல் பாவசங்கீர்த்தனத்துக்குரிய நூலும், 1586இல் 660க்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட அடியார் வரலாறும் வெளிவந்தன. இவ்வடியார் வரலாற்றை இராசமாணிக்கம் அடிகளார் பதிப்பித்து 1967இல் நம் தூத்துக்குடியிலிருந்தே வெளியிட்டனர். இவ்வச்சு வேலைக்கும் பரதவர் பொருளுதவி புரிந்தனர். எழுத்தறிந்தார் மிகச் சிலரே வாழ்ந்த ஒரு கரையின் மக்கள், கடலில் மூச்சடக்கித் தேடிய பணத்தைப் புத்தகத்துக்குக் கொடுத்தார்கள்.

இந்நூல்களுள் பாவசங்கீர்த்தன நூல் நம் கருத்துக்கு மிகவும் உரியதாகும். பத்துக் கற்பனைகளையும் வரிசையாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் மனிதன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டுவனவற்றை அது நிரல்படுத்துகின்றது. அதன் நோக்கு எளியது. கோயிலுக்குள் முழந்தாளிடும் மனிதன், கோயிலுக்கு வெளியே என்ன செய்தான் என்பதை நினைத்துப் பார்த்த பின்னரே முழந்தாளிட வேண்டும். வீட்டில் மனைவி மக்களிடம் எவ்வாறு நடந்தான், பிறன் பொருளில் கை வைத்தானா, பொய்ச் சாட்சி சொன்னானா, பகையை நெஞ்சில் வளர்த்தானா என்பவை யாவும் செபத்தின் பகுதிகளேயாம். விசுவாசத்தை வாரத்தில் ஒரு நாளுக்கு ஒதுக்கிவிட்டு மற்ற ஆறு நாளும் தம் மனம்போல் நடக்கலாமென்று எண்ணுவார்க்கு அந்நூலில் இடமே இல்லை.

அடிகளார் குறையே இல்லாதவர் என்று கூற நாம் முற்படவில்லை. அக்காலத்துக் குருமார் பலரையும் போலப் பிற சமயத்தார் வழிபாட்டைக் குறித்து அவர் கடுமையான எண்ணமே கொண்டிருந்தார். இன்று நாம் அவ்வாறு எண்ணுதல் தகாது. எனினும் மனிதர் பிறர் கொள்கையைக் காட்டிலும் பிறர் நடையையே கூர்ந்து நோக்குவர் என்பதற்கு அவருடைய முடிவே சான்றாயிற்று. 1600ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள், தம் 80ஆம் வயதில், 53 ஆண்டுகள் உழைத்த இக்கரையிலேயே, புன்னைக்காயலில் அவர் உயிர் நீத்தார். அவரது உடல் தூத்துக்குடிக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. அந்நாளில் அண்டையிலிருந்த முஸ்லிம்கள் உண்ணாநோன்பு இருந்தனர் என்றும், சூழ்ந்த ஊர்களின் இந்துக்கள் கடைகளை அடைத்துத் துக்கம் காத்தனர் என்றும் சேசு சபையாரின் வரலாறு கூறுகின்றது. அவர் போதனையை ஏற்காதவரும் அவர் வாழ்வை ஏற்றனர்.

அன்பர்களே! இச்சரித்திரத்திலிருந்து நாம் கொள்ளத்தக்கன இரண்டு.

முதலாவது, பிறப்பைப் பற்றியது. நம் சங்கம் ஒரு குலத்தாரின் சங்கம். குலத்தின் பெருமையைப் பேசுவதும், நம் பிள்ளைகளின் கல்விக்கும் வறியோர் வாழ்வுக்கும் ஒன்றுகூடி உழைப்பதும் நமக்குக் கடமையே. ஆயின் நம் குலத்துக்கு எழுத்தும் மருத்துவச்சாலையும் தந்த பெரியார், தம் குலத்தின் காரணமாக வாயிலில் தடுக்கப்பட்டவர் என்பதை நாம் மறத்தலாகாது. அவமதிப்பை அறிந்த அவர், அதனைப் பிறர்க்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. கடல் கடந்து வந்து, தமக்கு யாதொரு உறவுமில்லாத மக்களைத் தம்மவர் என்று கொண்டார். நம் வீட்டுத் திருமணப் பேச்சிலும், வேலைக்கு ஆள் அமர்த்தும் இடத்திலும், கோயிலில் யார் எங்கு நிற்பது என்பதிலும் ஒருவனை அவன் பிறப்பால் தாழ்த்துவோமாயின், நாம் அன்று அவரை வெளியேற்றிய மடத்தாரின் பக்கம் நிற்பவராவோம். அவர் பக்கம் நிற்பவராகோம். குலத்தை நேசித்தல் வேறு. பிற குலத்தைத் தாழ்த்தல் வேறு. முன்னது சங்கத்தை வளர்க்கும். பின்னது விசுவாசத்தை அழிக்கும்.

இரண்டாவது, அன்றாட நடையைப் பற்றியது. 1961க்குப்பின் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. நம்மவர் இன்று மீன்பிடித்தலிலும், துறைமுகத்திலும், கப்பல்களிலும், வாணிகத்திலும், பள்ளிகளிலும், அரசாங்க அலுவல்களிலும் பரவியுள்ளனர். கடலை விட்டு உள்ளூர்களில் குடியேறினாரும் பலர். தொழில் மாறினும் சோதனை மாறவில்லை. கரைக்கு வந்த மீனை ஏலமிடும்போது எடை சரியாக இருக்கின்றதா? வலை இழுத்தவனுக்குரிய பங்கு அவன் கையில் குறைவின்றிச் சேர்கின்றதா? முன்பணம் கொடுத்தவன், வாங்கியவன் குடும்பத்தைத் தலைமுறைக்கும் அடிமை கொள்கின்றானா? கடலில் கணவனை இழந்த பெண்ணின் வீட்டில் இவ்வாரம் அடுப்பு எரிந்ததா என்று பார்த்தார் யார்? கூலியைக் குடியில் தொலைத்துவிட்டு வீடு திரும்பும் மனிதன், அன்று இரவு மனைவி மக்களோடு செபமாலை சொல்ல எவ்வாறு துணிவான்? ஞாயிறன்று கடலுக்குச் செல்லாத நல்வழக்கம் நம் கரையூர்கள் பலவற்றில் இன்றும் உண்டு. அந்நாளை நோயாளியைக் காண்பதற்கும் பிணக்குத் தீர்ப்பதற்கும் பயன்படுத்தினால் அவ்வழக்கம் நிறைவுறும்.

ஆண்டுதோறும் ஆகஸ்டு 5ஆம் நாள் பனிமய மாதாவின் திருவிழாவுக்கு நம் குடும்பங்கள் தூத்துக்குடியில் பல்லாயிரக்கணக்கில் கூடுகின்றன. கூட்டத்தில் நின்று நம் தேவைகளை அன்னையிடம் சொல்லுகின்றோம், சொல்லுதல் தவறன்று. தாயிடம் கேளாமல் வேறு யாரிடம் கேட்போம்? ஆயின் எனக்கு வேண்டும் என்பதோடு நின்றுவிடாமல், என்னால் பிறர்க்கு ஆவது யாது என்றும் கேட்டுக்கொண்டு வீடு திரும்புதல் நம் முன்னோர் பெற்ற ஞானஸ்நானத்துக்கு நாம் செய்யும் மரியாதையாகும். அச்செபத்தில் இருந்த ஒரு சொல்லை அன்று சவேரியார் திருத்தினார். அச்சொல் வாழ்விலும் திருந்துதற்கு அண்டிரிக் அடிகளார் 53 ஆண்டுகள் பாடுபட்டார். எஞ்சிய வேலை ஒவ்வொரு வீட்டிலும் நம் கையிலேயே இருக்கின்றது. அதனைச் செய்வோமாக.